நிறுத்துவது எப்படி என்று நீ எழுதவில்லை

மகனுக்கு,

திங்கட்கிழமை நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாய். உன் கொம்பனி அங்கே திறக்கும் அலுவலகத்தில் தமிழ்ப் பக்கங்கள் முழுவதும் இனி உன் பொறுப்பு. இந்தப் பதவி கிடைத்ததற்குக் காரணம் நீ எழுதிய ஒரு பக்கம் என்றும், உங்கள் இணையத்தளத்தில் ஆகக் கூடுதலான ஆட்கள் வாசித்தது அதைத்தான் என்றும் போன கிழமை தொலைபேசியில் சொன்னாய். மீன்பிடிப் படகின் எஞ்சினை இயக்குவது எப்படி என்ற அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை உனக்குத் தபாலில் அனுப்பாமல் நான் வேலை செய்யும் பத்திரிகையிலேயே போடுவதற்கு ஒரே ஒரு காரணம் இருக்கிறது. உன் பக்கம் பகிரங்கமாக இருந்தது. அதைப் பற்றித் தனியாகப் பேச வந்தபோது நீ அழைப்பைத் துண்டித்தாய். ஆகவே பகிரங்கமாகவே பேசுவோம்.

உன் தொழிலை நான் இழிவாக நினைக்கிறேன் என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். தொழிலை இல்லை, நீ அதைச் செய்கிற விதத்தை. ஒன்றை எப்படிச் செய்வது என்று எழுதுவது சின்ன வேலை என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. இந்தத் துறைமுகப் பட்டினத்தில் இத்தனை வருடம் நிருபராக இருந்து எத்தனையோ எழுதியிருக்கிறேன். சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய என் அலசல்களை எவரும் வெட்டி வைத்ததில்லை, அவற்றில் வடை சுற்றித் தந்தார்கள். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவது எப்படி என்று எழுதிய சிறு குறிப்பைக் கிளிவெட்டியில் ஒரு வீட்டுக் குசினிச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்ததை என் கண்ணால் கண்டேன். ஈரக் கையோடு ஒருத்தி அதை வாசித்து வாசித்து வேலை செய்தாள். அப்படி ஒரு வாசகி கிடைப்பதற்கு எழுதுகிறவர் பயப்பட வேண்டும். நீ பயப்படவில்லை, எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கொழும்பில் உன் அலுவலகத்துக்கு நான் ஒரு தடவை வந்தது நினைவிருக்கிறதா? மூன்றாம் மாடி, குளிரூட்டி, சுழலும் கதிரை. எனக்கு ரீ வாங்கித் தந்துவிட்டு வேலையைக் காட்டினாய். சனம் தேடுபொறியில் என்ன சொற்களைத் தட்டுகிறது என்று முதலில் பார்த்தாய். பிறகு ஆங்கிலப் பக்கங்கள் மூன்றைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, தமிழாக்கி, ஐந்து எளிய படிகளாகப் பிரித்தாய். அன்றைக்கு விடயம் ஒட்டாத தோசைக்கல். கடைசியில் தோசைக்கல் விற்கும் கடையின் தொலைபேசி இலக்கம்.

"ஆர் இந்தக் கல்லில தோசை சுட்டுப் பார்த்தது?" என்று கேட்டேன்.

"அம்மா, அதுக்கெல்லாம் நேரம் இல்லை. சனம் என்ன தேடுது எண்டதுதான் முக்கியம்."

"சனம் தோசை சுடத் தேடுது."

"சனம் தேடினாக் காணும். சுடுறது அவையின்ர பாடு," என்றாய். பக்கத்து மேசைப் பிள்ளை சிரித்தாள். நீயும் சிரித்தாய். பக்கத்தின் அடியில் 'எமது நிபுணர் குழு தயாரித்தது' என்று இருந்தது. குழு எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். நீ இருந்தாய், அந்தப் பிள்ளை இருந்தாள், ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. தோசை ஒட்டினால் எவரும் சாகமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீ இந்த ஊரில் வளர்ந்தவன். இங்கே வழி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். வேறிடங்களில் வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். சண்டையால் பாதைகள் எந்த நேரமும் மூடப்படுகிற இங்கே எவரும் தான் எப்போது அந்தப் பாதையால் வந்தார் என்பதைச் சொல்லாமல் வழி சொல்வதில்லை. 'நான் காலமை வந்தனான், அப்ப திறந்திருந்தது, இப்ப தெரியாது' என்பார்கள். உன் அப்பா இருந்த காலத்தில் இதில் எல்லோரையும் விடக் கடுமையாக இருந்தார். ஒரு நாள் உன் சித்தப்பா குடும்பத்தோடு வந்து வாசலில் நின்று, "அண்ணை, மூதூர்ப் பக்கம் போகலாமோ?" என்று கேட்டார். "நான் இண்டைக்கு அந்தப் பக்கம் போகேல்லை," என்றார் அப்பா. "எண்டாலும் உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்குமே?" "என்ர எண்ணத்தில நீ பிள்ளைகளை ஏத்திக்கொண்டு போவியோ?" சித்தப்பாவுக்குக் கோபம். இரண்டு மாதம் பேசவில்லை. நீயும் அப்பாவை அகங்காரம் பிடித்தவர் என்றாய். அவர் எண்ணத்தைச் சொல்லியிருக்கலாம், அது சரியாகவும் இருந்திருக்கலாம். தான் நடக்காத பாதையில் இன்னொருவரை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நீ, ஏறாத படகுக்கு வழி சொன்னாய்.

இனி அந்தப் படகைப் பற்றி. அதில் போனவரின் உண்மைப் பெயரை இங்கே எழுதமாட்டேன், தவம் என்று வைத்துக்கொள். சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து, அன்புவழிபுரத்தில் மனைவியின் உறவினர் வீட்டுப் பின்னறையில் குடும்பத்தோடு இருக்கிறார். ஊரில் வயல் செய்தவர். மீனுக்குப் போனாலும் துடுப்பு வலிக்கிற சிறு வள்ளத்தில் கரையோடு போனவர். இங்கே வயல் இல்லை. ஒரு நிவாரண நிறுவனம் கண்ணாடியிழைப் படகும் புது எஞ்சினும் கொடுத்தது. எஞ்சினை விற்ற முகவர், உங்களுக்கு விளம்பரம் தருகிறவர், உன் பக்கத்தை வர்ணத்தில் அச்சடித்து எஞ்சின் பெட்டியோடு ஒன்று கொடுத்தார், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் சுவரிலும் ஒன்று ஒட்டினார். உன்னை நம்பி அவர் செலவழித்த காசு அது. நீ இதைப் பெருமையாகச் சொன்னாய், உன் எழுத்து அச்சிலும் வந்துவிட்டது என்று.

அந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. இந்தக் கரையில் பிறந்த எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்: பெற்றோலில் இயக்கிச் சூடாக்கிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் தங்கிவிடும், எஞ்சின் குளிர்ந்த பிறகு மறுபடி இயங்காது. இயக்குவதற்கு நீ நாலு படி எழுதினாய். பெற்றோலில் இருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதைக்கூட எழுதினாய், அது முகவர் சொன்னது. ஐந்தாவது படி: 'நிறுத்தும் பொத்தானை அழுத்தவும். அவ்வளவுதான்!' பெற்றோல் எஞ்சினைப் பற்றிய ஏதோ ஒரு ஆங்கிலப் பக்கத்தில் இருந்து அதை எடுத்திருக்கிறாய். அந்த ஆச்சரியக் குறி மட்டும் உன் சொந்த உழைப்பு என்று நினைக்கிறேன்.

தவமும் அவருடைய மனைவியின் தம்பியும் விடிய முதல் போனார்கள். எந்த நேரம் போகலாம், எந்த நேரம் கரைக்கு வர வேண்டும், எந்த எல்லைக்கு அப்பால் போகக்கூடாது என்பதெல்லாம் இங்கே கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். வலை போட்ட இடத்தில் எஞ்சினை நிறுத்தப்போகும்போது மைத்துனன் ஒன்று சொல்லியிருக்கிறான். பிறகு அவனே எனக்கு அதைத் திரும்பச் சொன்னான்.

"அத்தான், மற்ற ஆக்கள் நிப்பாட்ட முதல் ஏதோ திருப்பினவங்கள். நான் கண்டனான்."

"அவங்கட பழைய எஞ்சினடா. இது புதுசு. பேப்பரில பார், பொத்தானை அமத்து, அவ்வளவுதான் எண்டு போட்டிருக்கு."

"பேப்பர் எழுதினவனுக்குத் தெரியுமோ?"

"தெரியாமலோ அச்சடிச்சவங்கள்? விசர்க் கதை கதைக்காத."

இதை வாசிக்கும்போது உனக்கு என்ன தோன்றுகிறதோ தெரியாது. கேட்ட நான் அதைச் சொல்லுக்குச் சொல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பெற்றோல் இங்கே எவ்வளவு தட்டுப்பாடு என்று தெரிந்த மனிதர், வீணாக்க வேண்டாம் என்று பேப்பர் சொன்னதாக எடுத்துக்கொண்டார். கண்ணால் கண்டவனின் வாயை உன் அச்செழுத்து அடைத்தது. வலையை வளைத்து முடிக்க எஞ்சின் குளிர்ந்துவிட்டது. இருவரும் மாறி மாறி எஞ்சினை இயக்கும் கயிற்றை இழுத்தார்கள், உள்ளங்கை கொப்பளிக்கும்வரை இழுத்தார்கள். நீரோட்டம் படகைத் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் கொண்டுபோனது. மைத்துனன் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி உயர்த்திப் பிடித்தான். கடற்படையின் ரோந்துப் படகு வந்தது. எச்சரிக்கை வேட்டு தண்ணீரில் விழுந்தது. இருவரும் படகின் அடியில் குப்புறப் படுத்தார்கள். அன்று அவர்கள் உயிரோடு கரைக்கு வந்ததற்கு உன் பக்கத்துக்கோ உன் கொம்பனிக்கோ எவரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

இறங்குதுறையில் வைத்து அதிகாரி ஒருவர் கொச்சைத் தமிழில் விசாரித்திருக்கிறார். "எல்லை தாண்டினது ஏன்?" "எஞ்சின் நிண்டிட்டுது, சேர்." "புது எஞ்சின் எப்படி நிக்கிறது?" தவம் தான் செய்ததைச் சொன்னார். "அப்படி நிப்பாட்டச் சொன்னது ஆர்?" "பேப்பர், சேர்." "பேப்பருக்கு வாய் இருக்கா? எழுதினது ஆர்?" நிபுணர் குழு என்று தவம் சொன்னாராம். அதிகாரி சிரித்துவிட்டார். பின்னேரம் இருவரையும் விட்டுவிட்டார்கள், கடலுக்குப் போகும் அனுமதி அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எஞ்சின் பழுதானது உண்மையா, வேண்டுமென்றே எல்லை தாண்டினார்களா என்று மீன்பிடி அலுவலகம் செவ்வாய்க்கிழமை விசாரிக்கிறது. நம்பினால் அட்டை திரும்பக் கிடைக்கும். நம்பாவிட்டால் கடல் இல்லை, படகையும் எஞ்சினையும் நிவாரண நிறுவனம் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும். எல்லை தாண்டினவர் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காலத்தில் அந்தப் பெயரோடு சோதனைச்சாவடிகளைக் கடந்து திரிவது என்னவென்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நிருபர் வேலை என்பதால் முதலில் நான் தவத்தை நம்பவில்லை. உன்னையும் நம்பவில்லை. எஞ்சின் திருத்துகிற நஸீர் நானாவிடம் போனேன். கிண்ணியாக்காரர், வாய் நீளம், கூலி அதைவிட நீளம். அதே வகை எஞ்சின் ஒன்றைத் தண்ணீர்ப் பீப்பாவில் பூட்டி, உன் பக்கத்தில் இருந்தபடியே இயக்கி, இருந்தபடியே நிறுத்தச் சொன்னேன். ஆறவிட்டோம். பிறகு அவர் இழுத்தார், அவருடைய ஆள் இழுத்தான், இயங்கவில்லை.

"இதை எழுதின தம்பி ஆர் தங்கச்சி?" என்று கேட்டார் நானா.

"ஏன்?"

"ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு அனுப்பத்தான். இந்த மாசம் மட்டும் இப்படி ஏழெட்டு வந்திட்டுது. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் குடுக்கட்டும், இன்னும் எழுதட்டும்."

என் மகன்தான் என்று சொன்னேன். நானா இழுகயிற்றைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு பகிடி விடவில்லை, கூலியும் வாங்கவில்லை. அவர் பகிடி விட்டிருக்கலாம்.

அன்று பின்னேரமே உனக்குத் தொலைபேசி எடுத்தேன். "சரி அம்மா, பார்க்கிறன்" என்றாய். நீ பார்த்தது எனக்கும் தெரியும், ஏனென்றால் மறுநாள் நெற் கஃபேயில் போய் நானும் பார்த்தேன். ஐந்தாவது படி மாறியிருந்தது. நிறுத்த முன் பெற்றோலுக்கு மாற்றவும் என்று அழகாக இருந்தது. நேற்றுவரை வேறு மாதிரி இருந்தது என்பதற்கு ஒரு சொல் இல்லை. பிழை நடந்தது என்று இல்லை. அச்சடித்ததை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும் என்று இல்லை. சங்கச் சுவரில் பழைய பேப்பர் அப்படியே இருக்க, கொழும்பில் நீ கையைக் கழுவித் துடைத்துவிட்டாய். அந்தப் பேப்பரில் பெயரும் இல்லை, திகதியும் இல்லை, இனி மீன்பிடி அலுவலகத்தில் எவராவது இணையத்தைத் திறந்து பார்த்தால் தவம் பொய்யர்.

எங்கள் தொழிலில் திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. நேற்று இப்படிப் போட்டோம், அது பிழை, சரியானது இது, வருந்துகிறோம் என்று நாலு வரி. அதைப் போடும்போது ஆசிரியர் முகம் சுளிப்பார், நிருபருக்குச் சோறு இறங்காது, ஊர் இரண்டு நாள் சிரிக்கும். ஆனாலும் போடுகிறோம், ஏனென்றால் முதல் பிழையை வாசித்தவர் அதை வைத்து ஏதாவது செய்துகொண்டிருப்பார். உங்கள் தொழிலில் இதற்குப் பெயர் 'புதுப்பித்தல்' என்றாய். திருடியதைத் திரும்ப வைப்பதை வீடு ஒழுங்குபடுத்துவது என்று சொல்வது போல இருக்கிறது.

புத்தி சொல்ல வேண்டாம் என்பாய். சிங்கப்பூரில் உனக்குக் கீழே பத்துப் பேர் இப்படி எழுதப்போகிறார்கள் என்பதால் சொல்கிறேன். செய்து பார்க்காததை எழுதாதே. செய்து பார்க்க முடியாவிட்டால், செய்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்து எழுது, அவருடைய பெயரையும் போடு. வாசிக்கிறவர் கதிரையில் இருந்து வாசிப்பதாக நினைக்காதே. அவர் கையில் எண்ணெய் இருக்கும், படகு ஆடும், பேப்பர் நனையும், உன் நகைச்சுவைக்கு நேரம் இராது. தொடங்குவதை எவரும் எழுதுவார்கள், தொடங்கினால்தான் பொருள் விற்கும். எங்கே பிழைக்கும், பிழைத்தால் என்ன செய்வது, எப்படி முடிப்பது என்பதை எழுது. ஐந்து படிக்குள் அடங்காவிட்டால் ஆறாக எழுது. விற்கிறவர் காசு தருகிறார் என்பதை மறைக்காமல் சொல், ஆனால் வாசிக்கிறவர் உயிரைத் தருகிறார் என்பதை நினைத்து எழுது. இவ்வளவும் செய்தால் பொருளும் விற்கும். நஸீர் நானாவின் கடையில் ஏழெட்டு எஞ்சின் கிடப்பதைப் பார்த்தவர்கள் அந்த எஞ்சினை இனி வாங்கப்போவதில்லை. உன் கெட்டித்தனத்தின் வியாபாரக் கணக்கும் அவ்வளவுதான்.

கடைசியாகப் பேசியபோது நான் கேட்டது சின்ன விடயம். கொம்பனியின் கடிதத்தாளில், இன்ன பக்கத்தில் இன்ன படி பிழையாக இருந்தது, பிறகு மாற்றினோம் என்று கையெழுத்தோடு நாலு வரி.

"அம்மா, கொம்பனி விடாது. அப்படி எழுதினா எஞ்சின்காரர் எங்களை விட்டுப் போயிடுவினம்."

"அப்ப நீ வந்து சொல்லு."

"என்ர பேரை உங்க மீன்பிடி அலுவலகத்தில சொல்லப் போறீங்களோ? கொழும்பில தமிழ்ப் பெடியனா இருக்கிறது காணாதோ எனக்கு?"

அதற்குப் பிறகுதான் துண்டித்தாய். இந்த மாதம் நீ என்னிடம் சொன்னவற்றில் நான் மதிக்கிறது அந்தக் கடைசி வசனம் ஒன்றைத்தான். அந்தப் பயம் பொய்யில்லை. உன்னைப் பெற்றவள் அதை இகழமாட்டாள். விசாரிக்கப்போவது மீன்பிடி அலுவலகம், பகல் நேரம், சங்கத் தலைவர் இருப்பார், நான் இருப்பேன். எழுதியவருக்குக் கரைச்சல் வருமா என்று அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டேன், வராது என்றார். அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன், என் உத்தரவாதமாகச் சொல்லவில்லை. ஆனால் நீ பயப்படுகிற அதே பயத்தைத் தவம் உன்னால் சுமக்கிறார். அவருக்குச் சிங்கப்பூர் இல்லை. தொழில் போய்விட்டதால் அவருடைய மனைவி இப்போது இடியப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் வருகிறாள். உன் படம் சுவரில் இருப்பதைப் பார்த்து, "மகன் கொழும்பில நல்ல வேலையோ அக்கா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அன்று வாங்கிய இடியப்பத்தை என்னால் சாப்பிட ஏலவில்லை.

விமானச் சீட்டை இரண்டு நாள் தள்ளிப்போடலாம், விசாரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடியது, பத்திரிகை வேலையாகக் கொழும்புக்குப் போன நான், போன ஞாயிறு அதில்தான் திரும்பி வந்தேன். நீ வந்தால் நஸீர் நானா பீப்பாவையும் எஞ்சினையும் அலுவலக வளவுக்குள் கொண்டுவருவார், பழைய பேப்பரில் இருந்தபடி நீயே நிறுத்திக் காட்டு, நீயே கயிற்றை இழு. பயணம் வாழ்த்தி நெற்றியில் திருநீறு பூசி அனுப்புகிறேன். வராவிட்டாலும் நான் போவேன், பார்த்ததைச் சொல்வேன். நம்புவார்களா தெரியாது. பெற்ற தாய் சொல்வதை எந்த அலுவலரும் பாதியாகத்தான் எடுப்பார். இந்தக் கடிதத்தில் உன் பெயரை நான் போடவில்லை, கொம்பனியின் பெயரையும் போடவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை, எழுதியவர் எங்கே என்று கேட்பார்கள். தவமும் அவருடைய மனைவியும் அடுத்த வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். என் மகன்தான், நேற்று விமானம் ஏறிவிட்டான் என்று நான் சொல்ல வேண்டிவரும். எத்தனையோ வீடுகளின் படலையில் நின்று கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன், சொல்லும்போது முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பேரின் முகத்தை அன்றைக்கு நான் பார்க்கமாட்டேன்.

அம்மா